சிறு வணிகரும் அட்டைவழிப் பணமும்

பெங்களூருவிலிருந்து மைசூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ளது சென்னபட்டணம். வெட்பாலை மரத்தைக் கடைந்து, அரக்கு வண்ணம் ஏற்றி உருவாக்கப்படும் அவ்வூர்ப் பொம்மைகள் புவிசார் குறியீடு பெற்றவை. கடைசல் பட்டறை வைத்திருக்கும் கைவினைஞர் ஒருவரின் பொருளை வாங்க விரும்புவோர் இன்று அவ்வூர்ச் சாலையோரக் கடைக்கு வந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. குவாஹாட்டியில் இருக்கும் ஒரு தாய் தன் கைப்பேசியில் படத்தைப் பார்த்துவிட்டு, "இதில் இரண்டு வேண்டும்" என்று செய்தி அனுப்புகிறார். பொருள் தென்கோடியில் இருக்கிறது. பணம் வடகிழக்கில் இருக்கிறது. இருவரும் ஒருவரை ஒருவர் கண்டதில்லை. யார் யாரை முதலில் நம்புவது?

இது புதிய வினா அன்று. 1877ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை தொடங்கிய வி.பி.பி. முறை இந்த வினாவுக்கு அளிக்கப்பட்ட ஒரு விடையே ஆகும். வணிகர் பொதியை அனுப்புவார்; அஞ்சல்காரர் பணத்தைப் பெற்றுக்கொண்டு பொதியைக் கொடுப்பார்; பணம் வணிகருக்கு வந்து சேரும். ஆனால், வாங்குபவர் மனம் மாறிப் பொதியை மறுத்துவிட்டால், போகவும் வரவும் ஆன செலவு வணிகரின் தலையில் விழும். பொருளைக் கையில் பெற்றபின் பணம் தரும் இன்றைய ஏற்பாட்டிலும் இதே குறை உள்ளது. பெரிய நிறுவனம் இத்தகைய இழப்பை ஆயிரம் விற்பனைகளில் பரப்பிவிடும். மாதத்துக்கு முப்பது பொதி அனுப்புபவருக்கு நான்கு பொதி திரும்பி வந்தால், அடுத்த முறை மரம் வாங்கும் முதலே கரைந்துவிடும்.

அட்டைவழிப் பணம் இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது. வாங்குபவர் முதலில் பணம் செலுத்துகிறார். பிறகு பொருள் புறப்படுகிறது. அஞ்சல்காரர் வகித்த நடுவர் இடத்தை இங்கு வங்கிகளும் அவற்றை இணைக்கும் வலையமைப்புகளும் வகிக்கின்றன. எனினும், அந்த நடுவர் எப்படி இயங்குகிறார், எந்தக் கட்டத்தில் வணிகரைக் காப்பார், எந்தக் கட்டத்தில் கைவிடுவார் என்பதை அறியாமல் இம்முறையில் இறங்குவது நல்லதன்று.

அட்டை எதிரில் இல்லாதபோது

கடையில் பணம் செலுத்துகையில் அட்டையை இயந்திரத்தில் செருகி, இரகசிய எண்ணை அழுத்துகிறோம். அட்டையில் பதிந்துள்ள சில்லு, அது உண்மையான அட்டை என்பதை மெய்ப்பிக்கிறது. தொலைவிலிருந்து செலுத்தும்போது அந்தச் சில்லுக்கு வேலை இல்லை. அட்டையின் எண், காலாவதி மாதம், பின்புறமுள்ள மூன்று இலக்கங்கள் ஆகியவையே சான்று. அட்டையை ஒரு கணம் பார்த்த எவரும் இவற்றைப் படி எடுத்துக்கொள்ள இயலும். உலகெங்கும் அட்டை மோசடியில் பெரும்பகுதி இத்தகைய பரிவர்த்தனைகளில் நிகழ்வதற்கு இதுவே காரணம்.

இதனைக் கருத்தில் கொண்டே, அட்டையின் மீது காணப்படாத ஏதேனும் ஒரு தகவலைக் கொண்டு கூடுதலாக ஒருமுறை சரிபார்த்தாக வேண்டும் என்று இந்திய ரிசர்வ் வங்கி விதித்தது. 2009 ஆகஸ்டு 1 முதல் இணையவழிப் பரிவர்த்தனைகளுக்கு இவ்விதி நடைமுறைக்கு வந்தது. பின்னர் 2011இல் தொலைபேசிக் குரல்வழி ஏற்பாடுகளுக்கும் விரிவாக்கப்பட்டது. நாம் அனைவரும் அறிந்த ஓ.டி.பி. என்னும் ஒருமுறைக் கடவு எண், இவ்விதியைப் பின்பற்ற வங்கிகள் மிகுதியாகக் கையாண்ட வழியாகும். இந்த எண்ணுக்காகக் காத்திருப்பது தொல்லை என்று வணிகர்கள் குறை கூறியதுண்டு. ஆனால், சிறு வணிகருக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

குவாஹாட்டி வாடிக்கையாளர் தம் அட்டை எண்ணைப் பதிவு செய்ததும் நிகழ்வது என்ன? எண்ணின் கடைசி இலக்கம் ஒரு சரிபார்ப்பு இலக்கமாதலால், தவறாக அடிக்கப்பட்ட எண் பெரும்பாலும் அங்கேயே பிடிபட்டுவிடும். சரியான எண் எனில், செய்தி வணிகரின் சார்பில் இயங்கும் வங்கிக்குச் செல்கிறது. அங்கிருந்து ரூபே, விசா, மாஸ்டர்கார்டு போன்ற வலையமைப்பு ஒன்றின் வழியாக, அட்டையை வழங்கிய வங்கியை அடைகிறது. அவ்வங்கி தன் வாடிக்கையாளரைச் சரிபார்த்து, கணக்கில் பணமோ கடன் வரம்போ உள்ளதா என்று நோக்கி, இசைவு தருகிறது அல்லது மறுக்கிறது. இவை யாவும் சில நொடிகளில் முடிந்துவிடுகின்றன.

இங்கு ஒன்றை அழுத்தமாகக் கூற வேண்டும். திரையில் தோன்றும் இசைவு என்பது பணம் அன்று. பணம் தரப்படும் என்னும் உறுதி மட்டுமே. உண்மையான பணம் வங்கிகளுக்கிடையே கணக்குத் தீர்க்கப்பட்டபின், ஒப்பந்தத்தில் கண்ட நாளில்தான் வணிகரின் கணக்கில் வரவாகும். இன்று விற்ற பொருளின் பணத்தைக் கொண்டு இன்று மாலையே கூலி பட்டுவாடா செய்துவிடலாம் என்று கணக்கிடும் பட்டறைக்காரர் ஏமாற்றமடைவார். எத்தனை வேலை நாள்களில் பணம் வரும், இடையில் வங்கி விடுமுறை வந்தால் என்ன ஆகும் என்பதை முதலிலேயே எழுத்தில் கேட்டுப் பெறுதல் வேண்டும்.

நடுவில் நிற்கும் நிறுவனம்

ஒரு காலத்தில் அட்டைவழிப் பணம் பெற விரும்பிய வணிகர் நேரே ஒரு வங்கியை அணுகி, வணிகர் கணக்கு ஒன்றைத் தொடங்க வேண்டியிருந்தது. சிறு வணிகரிடம் வங்கிகள் அதிக ஆர்வம் காட்டியதில்லை. வைப்புத்தொகை, ஆண்டுக் கட்டணம், தொழில்நுட்பப் பணி என்று தடைகள் பல இருந்தன. இந்த இடைவெளியை நிரப்ப வந்தவையே பேமெண்ட் அக்ரிகேட்டர் எனப்படும் பணத்திரட்டு நிறுவனங்கள். பல்லாயிரம் சிறு வணிகர்களின் சார்பில் இவை வங்கிகளோடும் வலையமைப்புகளோடும் ஒப்பந்தம் செய்துகொண்டு, பணத்தைத் திரட்டி அவரவருக்குப் பிரித்து அளிக்கின்றன.

பிறர் பணம் ஓரிரு நாள்கள் தன் கையில் தங்கும் நிறுவனத்துக்குக் கட்டுப்பாடு தேவை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 2020 மார்ச்சு 17 அன்று ரிசர்வ் வங்கி இதற்கான நெறிமுறைகளை வெளியிட்டது. வங்கி அல்லாத திரட்டு நிறுவனம் ரிசர்வ் வங்கியின் அனுமதியைப் பெற்றாக வேண்டும். விண்ணப்பிக்கையில் 15 கோடி ரூபாயும், பின்னர் 25 கோடி ரூபாயும் நிகர மதிப்பு உடையதாயிருக்க வேண்டும். வணிகர்களின் பணத்தைத் தன் சொந்தப் பணத்தோடு கலவாமல், வங்கியொன்றில் தனியே காப்புக் கணக்கில் வைக்க வேண்டும். 2025 செப்டம்பரில் இவ்விதிகள் திருத்தித் தொகுக்கப்பட்டன. அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியல் ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் உள்ளது. குறைந்த கட்டணம் என்று ஆசை காட்டி வரும் எந்த முகவரிடமும் கையொப்பமிடுமுன் அந்தப் பட்டியலில் பெயர் உள்ளதா என்று பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் கூட ஆகாது. பெயர் இல்லையெனில் அந்த நிறுவனத்திடம் தம் விற்பனைப் பணத்தை ஒப்படைப்பது அறிவுடைமை ஆகாது.

திரட்டு நிறுவனமும் வணிகரைப் பற்றி விசாரிக்கும். நிரந்தரக் கணக்கு எண்ணாகிய பான் அட்டை, வங்கிக் கணக்கு, முகவரிச் சான்று, என்ன தொழில் செய்கிறார் என்னும் விவரம் ஆகியவை கேட்கப்படும். 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள உத்யம் பதிவுச் சான்று இருப்பின் வேலை எளிதாகும். சொந்த இணையதளம் உள்ளவராயின், விலை, பொருள் சென்றடையும் காலம், திருப்பிக் கொடுக்கும் விதி, தொடர்பு முகவரி ஆகியவற்றை அதில் வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டும். இவற்றைச் சடங்காக எண்ணுவது தவறு. பின்னர் வழக்கு எழும்போது வணிகருக்குத் துணை நிற்பது அந்த நான்கு வரிகளே.

சுட்டியே போதும்

இணையவழிப் பணம் என்றதும் இணையதளம், கணினிப் பொறியாளர், பெருஞ்செலவு என்று அஞ்சுவோர் உளர். மாதம் முப்பது பொதி அனுப்புபவருக்கு இவை எதுவும் வேண்டியதில்லை. திரட்டு நிறுவனத்தின் செயலியில் தொகையையும் பொருளின் பெயரையும் பதிந்தால், அந்த ஒரு விற்பனைக்கென ஒரு சுட்டி உருவாகிறது. அதைக் குறுஞ்செய்தியாகவோ வாட்ஸ்அப் வழியாகவோ வாடிக்கையாளருக்கு அனுப்பலாம். அவர் அதைத் தொட்டதும் திரட்டு நிறுவனத்தின் பாதுகாப்பான பக்கம் திறக்கும். அட்டை விவரங்களை அங்கே பதிவார். வணிகரின் கண்ணுக்கு அட்டை எண் தெரிவதே இல்லை.

தெரியாமல் இருப்பதுதான் இதன் சிறப்பு. தொலைபேசியில் "அட்டை எண்ணைச் சொல்லுங்கள், நான் போட்டுக்கொள்கிறேன்" என்று கேட்டு நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்ளும் பழக்கம் சிலரிடம் உண்டு. நல்லெண்ணத்தோடு செய்தாலும் இது பெருந்தவறு. 2022 அக்டோபர் 1 முதல், அட்டையை வழங்கிய வங்கியும் வலையமைப்பும் தவிர வேறு எவரும் முழு அட்டை எண்ணைச் சேமித்து வைத்தல் ஆகாது என்பது ரிசர்வ் வங்கியின் ஆணை. அடிக்கடி வாங்கும் வாடிக்கையாளரின் வசதிக்காக, அட்டை எண்ணுக்குப் பதிலாக டோக்கன் எனப்படும் மாற்று எண் ஒன்று உருவாக்கப்படுகிறது. அது அந்த ஒரு வணிகரிடம் மட்டுமே செல்லும். களவு போனாலும் வேறு கடையில் பயன்படாது. ஓ.டி.பி. எண்ணை வாடிக்கையாளரிடம் கேட்டு வாங்கித் தாமே பதியும் வணிகர், மோசடிக்காரரின் வழக்கத்தையே தம் வாடிக்கையாளருக்குக் கற்றுக்கொடுக்கிறார்.

விற்பனை பெருகி, நாள்தோறும் சுட்டி அனுப்பி மாளவில்லை என்னும் நிலை வந்தபின், இணையதளத்தில் பணம் செலுத்தும் பொத்தானை இணைத்துக்கொள்ளலாம். மாதச் சந்தா, பயிற்சிக் கட்டணம் போன்று திரும்பத் திரும்ப வரும் தொகைகளுக்கு, வாடிக்கையாளர் ஒருமுறை இசைவளித்தால் போதும் என்னும் ஏற்பாடும் உண்டு. 2022 ஜூன் முதல் பொதுவாக 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு முறையும் கடவு எண் இன்றிப் பெறலாம். ஆனால் பணம் எடுக்கப்படுவதற்கு 24 மணி நேரம் முன்னதாக அவருக்கு அறிவிப்புச் செல்ல வேண்டும்.

கட்டணக் கணக்கு

5,000 ரூபாய் மதிப்புள்ள பொம்மைத் தொகுதி ஒன்று கடன் அட்டையில் விற்கப்படுகிறது என்று கொள்வோம். திரட்டு நிறுவனத்தின் கட்டணம் எடுத்துக்காட்டாக 2 விழுக்காடு எனில் 100 ரூபாய். அதன்மீது 18 விழுக்காடு சரக்கு, சேவை வரி 18 ரூபாய். வணிகர் கையில் சேருவது 4,882 ரூபாய். கடன் அட்டைக் கட்டணத்துக்கு ரிசர்வ் வங்கி உச்சவரம்பு விதிக்கவில்லை. பேரம் பேச இடமுண்டு.

பற்று அட்டையாகிய டெபிட் கார்டின் நிலை வேறு. ஆண்டு விற்பனை 20 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட சிறு வணிகரிடம், டெபிட் கார்டுப் பரிவர்த்தனைக்கான வணிகர் தள்ளுபடிக் கட்டணம் 0.40 விழுக்காட்டை மிஞ்சலாகாது என்றும், ஒரு பரிவர்த்தனைக்கு 200 ரூபாயைத் தாண்டலாகாது என்றும் 2018 ஜனவரி 1 முதல் விதி உள்ளது. மேற்கூறிய 5,000 ரூபாய்க்கு இது 20 ரூபாய் மட்டுமே. 2020 ஜனவரி 1 முதல் ரூபே டெபிட் கார்டுக்கும் யு.பி.ஐ. பணப் பரிமாற்றத்துக்கும் இக்கட்டணமே இல்லை. ஆகவே எல்லா வகைக்கும் ஒரே விழுக்காடு என்று கூறும் ஒப்பந்தத்தை ஏற்குமுன், டெபிட் கார்டுக்கும் ரூபேக்கும் தனி வீதம் எங்கே என்று கேட்பது வணிகரின் உரிமை. மேடைக் கட்டணம், தொடக்கக் கட்டணம் என்று வேறு பெயர்களில் வருவனவற்றையும் கூட்டிப் பார்த்தே ஒப்பிட வேண்டும். இந்த டெபிட் கார்டுக் கட்டணத்தை வாடிக்கையாளர் மீது சுமத்துவதற்கு இடமில்லை என்பதையும் நினைவிற்கொள்க.

பொருளைத் திருப்பிப் பெற்றுப் பணத்தைத் திரும்பக் கொடுக்க நேர்ந்தால், முதலில் பிடித்த கட்டணம் பெரும்பாலும் வணிகருக்குத் திரும்புவதில்லை. தெளிவான படமும் சரியான அளவும் விளம்பரத்தில் இருக்குமாயின் இவ்விழப்பில் பாதி தவிர்க்கப்படும்.

தடங்கலும் தகராறும்

சில வேளைகளில் வாடிக்கையாளரின் கணக்கில் பணம் கழிந்துவிடும். வணிகரிடம் உறுதிச் செய்தி வந்திராது. அவர் பதற்றத்தோடு அழைப்பார். "இன்னொரு முறை செலுத்துங்கள்" என்று உடனே கூறுவதும், "வந்திருக்கும்" என்று நம்பிப் பொருளை அனுப்புவதும் இரண்டும் தவறு. இத்தகைய இணையவழி அட்டைப் பரிவர்த்தனையில் கழிந்த தொகை ஐந்து நாள்களுக்குள் தானாகத் திரும்ப வரவு வைக்கப்பட வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு தரப்பட வேண்டும் என்பது 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வகுத்த விதி. இதை எடுத்துச் சொல்லும் வணிகரிடம் வாடிக்கையாளருக்கு மதிப்பு கூடுகிறது. அட்டை அடியோடு மறுக்கப்பட்டால், அதில் இணையப் பயன்பாடு முடக்கி வைக்கப்பட்டிருக்கலாம். 2020 அக்டோபர் முதல் புதிய அட்டைகள் அந்த வசதி இன்றியே வழங்கப்படுகின்றன. உரியவர் தம் வங்கிச் செயலியில் அதை இயக்கிக்கொள்ள வேண்டும்.

இதைவிடக் கடுமையானது, விற்பனை முடிந்து சில வாரங்கள் கழித்து எழும் தகராறு. "இந்தச் செலவை நான் செய்யவில்லை" என்றோ, "பொருள் வரவில்லை" என்றோ, "காட்டியது வேறு, வந்தது வேறு" என்றோ அட்டைதாரர் தம் வங்கியில் முறையிடலாம். அவ்வாறாயின் தொகை வணிகரிடமிருந்து திரும்பப் பிடிக்கப்படும். பொருளும் போய்ப் பணமும் போகும் நிலை இது. முதல் வகை முறையீட்டில், கூடுதல் சரிபார்ப்பு முறையாக நடந்திருந்தால் பொறுப்பு பொதுவாக அட்டையை வழங்கிய வங்கியைச் சாரும். கடவு எண்ணுக்காகக் காத்திருந்த அந்த அரை நிமிடத்தின் பயன் இதுதான். மற்ற இரண்டிலும் வணிகர் தம் நேர்மையைத் தாமே மெய்ப்பிக்க வேண்டும். பொதி அனுப்பிய இரசீது, கண்காணிப்பு எண், ஒப்படைத்ததற்கான சான்று, வாடிக்கையாளரோடு நடந்த செய்திப் பரிமாற்றம், பொதியைக் கட்டுமுன் எடுத்த புகைப்படம் ஆகியவற்றை ஆறு மாதமேனும் பாதுகாத்தல் நன்று. பதில் அளிப்பதற்குத் தரப்படும் கெடு குறுகியது. அதைத் தவறவிட்டால், நியாயம் தம் பக்கம் இருந்தாலும் பணம் திரும்பாது.

மற்றோர் ஆபத்து உறவின் உருவில் வருவதுண்டு. "என் பணத்தை உங்கள் சுட்டி வழியாகப் பெற்றுத் தாருங்கள்" என்று தெரிந்தவர் ஒருவர் கேட்பார். பொம்மை விற்பனை என்று பதிவான கணக்கில் திடீரெனத் தொடர்பில்லாப் பெருந்தொகை வருமாயின் திரட்டு நிறுவனம் பட்டுவாடாவை நிறுத்தி வைக்கும். அந்தப் பணம் மோசடியில் ஈட்டியதாயின் காவல்துறை விசாரணையும் வணிகரைத் தேடி வரும். நேர்மையாக ஈட்டிய பணமும் அதனோடு சேர்ந்து முடங்கும். அதுபோலவே, பெரிய கொள்முதல் செய்வதாகச் சொல்லி, "பணம் பெற இந்தக் கியூ.ஆர். குறியை வருடி, உங்கள் இரகசிய எண்ணை அழுத்துங்கள்" என்று கூறுவோரும் உளர். பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையே இல்லை. பணம் கொடுப்பதற்கே தேவை. பணம் செலுத்தியதாக அனுப்பப்படும் திரைப்படத்தையும் சான்றாகக் கொள்ளலாகாது. தம் செயலியிலோ வங்கிக் கணக்கிலோ வரவைக் கண்டபின்பே பொதியைக் கட்ட வேண்டும். ஏமாற்றப்பட்டால் தாமதியாமல் 1930 என்னும் எண்ணை அழைத்தால், பணம் கைமாறிப் போகுமுன் தடுக்க வாய்ப்புண்டு.

கடல் கடந்த வாடிக்கையாளர்

சென்னபட்டணத்துப் பொம்மைகளுக்கு வெளிநாட்டிலும் விரும்புவோர் உளர். அயல்நாட்டு வங்கிகள் வழங்கிய அட்டைகளுக்கு இந்தியாவின் கூடுதல் சரிபார்ப்பு விதி பொருந்தாது என்பதை இத்துறையில் புதிதாக நுழைவோர் பெரும்பாலும் அறிவதில்லை. கடவு எண் கேட்கப்படாமலே பணம் வந்துவிடும். எளிதாக வந்ததே என்று மகிழும்போது, களவு போன அட்டையாக அது இருந்து, தொகை மீண்டும் பிடிக்கப்படலாம். வெளிநாட்டு அட்டைகளுக்கும் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கும் வசதி உள்ளதா என்று திரட்டு நிறுவனத்திடம் கேட்டு அதை இயக்கிக்கொள்வதும், முன்பின் அறியாதவர் வழக்கத்துக்கு மாறான பெருந்தொகைக்கு வாங்கி உடனே அனுப்பச் சொன்னால் ஓரிரு நாள் பொறுத்து அனுப்புவதும் தக்கவை. எல்லை கடந்த பணத்தைக் கையாளும் திரட்டு நிறுவனங்களுக்கென 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி தனி விதிகளை வகுத்தது. ஓர் உருப்படிக்கு 25 லட்சம் ரூபாய் என்பது அவற்றில் கண்ட வரம்பு. உள்நாட்டு அனுமதி மட்டுமே பெற்ற நிறுவனம் இப்பணியைச் செய்ய இயலாதாகையால், ஒப்பந்தம் செய்யுமுன் இதனையும் விசாரித்தல் வேண்டும்.

கூடுதல் சரிபார்ப்பின் உருவமும் மாறி வருகிறது. குறுஞ்செய்திக் கடவு எண் ஒன்றையே நம்பியிராமல், கைரேகை, செயலிவழி உறுதி போன்ற முறைகளையும் வங்கிகள் கையாள இடமளிக்கும் விதிகளை ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்டது. 2026 ஏப்ரல் 1 அவற்றுக்குக் குறிக்கப்பட்ட நாள். சுட்டியைக் கொண்டு பணம் பெறும் வணிகர் இதற்கெனத் தம் பக்கத்தில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. தம் சொந்த இணையதளத்தில் பொத்தானை இணைத்திருப்பவர் மட்டும், திரட்டு நிறுவனம் அவ்வப்போது அனுப்பும் மாற்றங்களை ஏற்றுக்கொண்டிருக்கிறாரா என்று தம் கணினிப் பணியாளரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.